வேறு கணினியில் எழுதிய பேக்கப் டேப்பைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சர்வர் எப்போதோ கழிக்கப்பட்டுவிட்டது, அதைப் பார்த்துக்கொண்டவர்களும் வேலை மாறிப் போய்விட்டார்கள், அலமாரியில் டேப்கள் மட்டும் மிச்சம். அதில் இருக்கும் கணக்கோ ஆய்வுத் தரவோ மூல நிரலோ இப்போது வேண்டும், கையில் இருப்பதோ வேறு கணினி, வேறு இயங்குதளம். இந்த நிலையில் இருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் ஓடுவது ஒரே விஷயம்தான்: முதலில் டேப்பில் இருப்பதை ஒரு பைட் விடாமல் அப்படியே டிஸ்க்குக்கு எடுங்கள், அது என்ன வடிவம், எப்படிப் பிரிப்பது என்ற ஆராய்ச்சியெல்லாம் அந்த நகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

டேப் கையில் கிடைத்தாயிற்று. முதல் வேலை என்ன?

எழுத முடியாதபடி பூட்டுவது. டிரைவுக்குள் போடுவதற்கு முன்பே. எல்டிஓ வகை டேப்பின் கார்ட்ரிட்ஜில் ஒரு ஓரத்தில் சின்னத் தள்ளுபொத்தான் இருக்கும், அதைப் பூட்டுப் படம் இருக்கும் பக்கம் தள்ளுங்கள். டிடிஎஸ் என்ற சின்ன டேப் கேசட்டில் ஓட்டை திறந்திருந்தால் பூட்டியதாக அர்த்தம். கால் அங்குல கியூஐசி கார்ட்ரிட்ஜில் 'சேஃப்' என்று எழுதிய ஒரு திருகு இருக்கும், நாணயத்தால் திருப்பலாம். பெரிய வட்டச் சுருள் என்றால் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் வளையத்தைக் கழற்றிவிடுங்கள், வளையம் இல்லாவிட்டால் டிரைவ் எழுதாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அடையாளம் தெரியாத டேப்பைப் பார்த்ததும் பல பேக்கப் மென்பொருள்கள் அதை வெற்று டேப் என்று நினைத்து 'லேபிள் எழுதட்டுமா' என்று கேட்கும், சிலவற்றைத் தானியங்கியாக அமைத்திருந்தால் கேட்காமலே எழுதிவிடும். எழுதுவது சில ஆயிரம் பைட்தான். ஆனால் எழுதிய இடத்துக்கு அடுத்து 'தரவு இத்தோடு முடிந்தது' என்று டிரைவ் ஒரு குறி வைக்கும், கார்ட்ரிட்ஜ் டிரைவ்கள் பொதுவாக அந்தக் குறியைத் தாண்டிப் படிக்கவே மறுக்கும். பின்னால் இருக்கும் அத்தனை ஜிகாபைட்டும் நாடாவில் பத்திரமாகவே இருக்கும், சாதாரண வழியில் அதைத் தொட முடியாது, அவ்வளவுதான்.

டிரைவில் பொருந்துகிறது என்றால் படிக்கும் என்று அர்த்தமா?

இல்லை. எல்டிஓ கார்ட்ரிட்ஜ்கள் வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் தலைமுறை முக்கியம். எல்டிஓ-7 வரைக்கும் ஒரு டிரைவ் தன் தலைமுறையையும் அதற்கு முந்தைய இரண்டையும் படிக்கும். அதாவது எல்டிஓ-5 டிரைவ் 5, 4, 3 மூன்றையும் படிக்கும். எல்டிஓ-8 இந்த வழக்கத்தை உடைத்துவிட்டது, அது 8-ஐயும் 7-ஐயும் மட்டும் படிக்கும். எல்டிஓ-9 அப்படியே 9-ஐயும் 8-ஐயும் மட்டும். இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு: எல்டிஓ-7 கார்ட்ரிட்ஜையே எல்டிஓ-8 டிரைவில் வைத்து 9 டிபி கொள்ளளவுக்கு எழுதும் 'எம்8' முறை என்று ஒன்று இருந்தது, அப்படி எழுதியதை எல்டிஓ-8 டிரைவ் மட்டும்தான் படிக்கும், 7-ம் படிக்காது 9-ம் படிக்காது. ஆகையால் கார்ட்ரிட்ஜ் உடம்பில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாமல், பார்கோடு லேபிளின் கடைசி இரண்டு எழுத்துகளையும் பாருங்கள்.

டிடிஎஸ் குடும்பத்திலும் இதே கதைதான். தரவுச் சுருக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. டேப் டிரைவ்கள் எழுதும்போதே வன்பொருளில் தரவைச் சுருக்கும். அதே குடும்பத்துப் புதிய டிரைவில் படித்தால் நமக்குத் தெரியாமலே விரித்துக் கொடுத்துவிடும், ஆனால் சுருக்கும் வசதி வருவதற்கு முந்தைய பழைய டிரைவில் போட்டால் பிழைதான் வரும். அதனால், பொருந்துகிற டிரைவ்களில் முடிந்தவரை புதிய மாடலைத் தேடுங்கள்.

பழைய டிரைவைக் கணினியோடு இணைப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

ஸ்கஸி இணைப்பு (பழைய டிரைவ்களைக் கணினியோடு கோர்க்கும் ஒரு கேபிள் முறை) என்றால் மின் வகையைப் பாருங்கள். எச்விடி என்ற உயர் மின்னழுத்த வகையும் எல்விடி என்ற குறைந்த மின்னழுத்த வகையும் ஒரே மாதிரி கனெக்டரில் வரும், இரண்டையும் ஒன்றோடொன்று கோர்த்தால் கார்டோ டிரைவோ சேதமாகலாம். டிரைவின் பின்னால் இருக்கும் சின்னக் குறியீட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டு பிறகு கேபிளைச் செருகுங்கள். கேபிளின் கடைசியில் டெர்மினேட்டர் என்ற முடிவுச் செருகி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எப்போதாவது படிக்கும், எப்போதாவது படிக்காது, டேப்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து நாள்கணக்கில் அலைவீர்கள்.

ஃபிளாப்பி கேபிளில் மாட்டும் கியூஐசி-80 போன்ற டிரைவ்கள் தனி ரகம். அவற்றுக்கான எஃப்டேப் டிரைவர் மென்பொருள் 2007-ல் லினக்ஸ் 2.6.20-ஓடு கெர்னலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அதற்கு முந்தைய லினக்ஸும், ஃபிளாப்பி கன்ட்ரோலர் உள்ள பழைய மதர்போர்டும் இருந்தால் வேலை எளிதாக முடியும்.

எந்த டிரைவாக இருந்தாலும், வாங்கிய உடனே முக்கியமான டேப்பைப் போடாதீர்கள். வேண்டாத டேப் ஒன்றில் எழுதி, படித்து, வெளியே எடுத்து, நாடாவில் மடிப்போ கீறலோ விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கியூஐசி டிரைவ்களில் நாடாவைச் சுழற்றும் ரப்பர் உருளை வயதானால் கூழாகிவிடும். அதை மாற்றாமல் டேப்பைப் போட்டால் அந்தக் கூழ் கார்ட்ரிட்ஜுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.

டேப்பைப் போட்டேன், டிரைவ் ஏற்றுக்கொண்டது, ஆனால் படிக்கப் போனால் "நினைவகம் ஒதுக்க முடியவில்லை" என்றோ "உள்ளீடு வெளியீட்டுப் பிழை" என்றோ வருகிறது. டேப் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. வேறு கணினியில் எழுதிய டேப் என்றாலே முதலில் சந்தேகிக்க வேண்டியது பிளாக் அளவைத்தான்.

டிஸ்க்கைப் போல் டேப்பில் எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. எழுதிய மென்பொருள் ஒரு தடவைக்கு 10,240 பைட் கொடுத்தால் டேப்பில் ஒரு பிளாக் 10,240 பைட், 65,536 கொடுத்தால் 65,536. படிக்கும்போது ஒரு பிளாக்கை முழுதாகத்தான் வாங்கியாக வேண்டும், பாதி வாங்கி மீதியை அப்புறம் வாங்கும் வழி இல்லை. நீங்கள் 10,240 பைட் இடம் வைத்துக்கொண்டு 65,536 பைட் பிளாக்கைக் கேட்டால், லினக்ஸ் 'நினைவகம் ஒதுக்க முடியவில்லை' என்று சொல்லும். கணினியின் மெமரிக்கும் அந்தச் செய்திக்கும் சம்பந்தமே இல்லை, பிளாக் பெரிது, நீங்கள் கொடுத்த இடம் சிறிது என்பதுதான் சங்கதி. டிரைவ் நிலையான பிளாக் முறையில் 512 பைட் என்று வைக்கப்பட்டிருந்து, டேப்பில் இருப்பது வேறு அளவு என்றால் உள்ளீடு வெளியீட்டுப் பிழை வரும்.

லினக்ஸில் சரிசெய்யும் விதம் இதுதான். டேப் டிரைவை இயக்கும் எம்டி கட்டளையால் பிளாக் அளவை 0 என்று வையுங்கள், 0 என்றால் மாறும் அளவு. அப்புறம் பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையில் பிளாக் அளவை 1 எம்பி என்று தாராளமாகக் கொடுத்து, ஒரே ஒரு பிளாக்கை மட்டும் ஒரு கோப்பில் வாங்குங்கள். வந்த கோப்பின் அளவைப் பாருங்கள். 10,240 வந்தால் அது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளையின் இயல்பு அளவு, 512 பைட் துண்டுகள் 20. 32,768 அல்லது 65,536 வந்தால் பேக்கப் மென்பொருள் ஏதோ எழுதியிருக்கிறது. 80 மட்டும் வந்தால் சந்தோஷப்படுங்கள், அது லேபிள். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

இன்னொன்று. 'எஸ்டி0' என்ற சாதனப் பெயரைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் டேப் தானாக ஆரம்பத்துக்கு ஓடிவிடும். முன்னால் 'என்' சேர்த்த 'என்எஸ்டி0' என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். டேப்பில் பல கோப்புகள் அடுத்தடுத்து இருக்கும்போது முதல் கோப்பே திரும்பத் திரும்ப வருகிறதே என்று திகைக்கிறவர்கள், பெரும்பாலும் இந்த 'என்' இல்லாத பெயரைப் பயன்படுத்தியிருப்பார்கள்.

முழு டேப்பையும் நகலெடுப்பது எப்படி? டிடி ஒன்று போதுமா?

அவசரத்துக்குப் போதும். டேப்பில் ஒரு கோப்பு முடிந்ததைக் காட்டும் குறிதான் ஃபைல் மார்க், அது ஒவ்வொன்றிலும் டிடி நின்றுவிடும், அடுத்த கட்டளைக்கு அடுத்த கோப்பு வரும். ஆகவே ஒரு சின்ன ஸ்கிரிப்டில் சுழல விட்டு, 001, 002 என்று பெயர் வைத்து எடுத்துக்கொண்டே போகலாம். வெற்றுக் கோப்பு வந்தால் இரண்டு ஃபைல் மார்க்குகள் அடுத்தடுத்து இருக்கின்றன என்று பொருள், பல டேப்களில் அதுவே முடிவு. ஆனால் அங்கேயே நிறுத்தாமல், டிரைவ் 'இதற்கு மேல் வெற்று' என்று சொல்லும் வரை போய்ப் பாருங்கள், பின்னாலும் ஏதாவது இருக்கக்கூடும்.

டிடியில் ஒரு குறை. எந்தப் பிளாக் எங்கே முடிந்தது என்பது நகலில் பதிவாகாது. டார் போன்ற வடிவத்துக்கு அது தேவையில்லை. மெயின்ஃபிரேம் டேப், விஎம்எஸ் இயங்குதளத்தின் டேப் என்றால் பிளாக் எல்லையே தகவலின் ஒரு பகுதி. அதற்கு, பழைய கணினிகளை மென்பொருளிலேயே ஓட்டிக்காட்டும் சிம்எச் எமுலேட்டரின் டேப் பிம்ப வடிவம் நல்லது: ஒவ்வொரு பிளாக்குக்கு முன்னும் பின்னும் அதன் நீளத்தை 4 பைட்டில் எழுதி வைக்கும், ஃபைல் மார்க் என்றால் நீளம் 0. இந்த வடிவில் எடுத்து வைத்தால், பின்னாளில் எமுலேட்டரில் அந்தப் பிம்பத்தை டேப்பாகவே மாட்டிவிடலாம்.

எடுத்து முடித்ததும் ஒரு செக்சம் (நகல் மாறவில்லை என்று பின்னால் சரிபார்க்க உதவும் எண்) போட்டு வைத்துக்கொண்டு, மூல டேப்பை அலமாரிக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நகல் ரெடி. இது என்ன வடிவம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் பிளாக்கை ஹெக்ஸ் பார்வையில் (ஒவ்வொரு பைட்டையும் இரண்டு குறிகளாகக் காட்டும் நிரலில்) திறந்து நிதானமாகப் பாருங்கள். ஃபைல் என்ற யுனிக்ஸ் கட்டளையையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், பாதிக்குப் பாதி அதுவே சொல்லிவிடும். சொல்லாவிட்டால் கண்ணால் தேட வேண்டியதுதான்.

ஆரம்பத்திலேயே ஒரு கோப்பின் பெயர் தெளிவாகத் தெரிந்து, அதன்பின் 100-வது பைட் வரை சுழியமாக இருந்து, 257-வது பைட்டில் 'யுஸ்டார்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகள் வந்தால் அது டார். 1988-ல் யுனிக்ஸ்களுக்கான போசிக்ஸ் தரம் வருவதற்கு முன் எழுதிய டாரில் அந்தச் சொல் இருக்காது, மற்றதெல்லாம் அப்படியேதான், இன்றைய டார் அதையும் படிக்கும். 070707 அல்லது 070701 என்ற இலக்கங்களோடு ஆரம்பித்தால், டாரைப் போலவே கோப்புகளைக் கட்டும் சிபிஐஓ. 24-வது பைட்டிலிருந்து 00 00 இஏ 6சி அல்லது திருப்பிப்போட்டு 6சி இஏ 00 00 என்று இருந்தால் யுனிக்ஸின் டம்ப் என்ற பேக்கப் வடிவம், அந்த எண் 60012. இரண்டில் எது இருக்கிறது என்பதிலிருந்தே எழுதிய கணினியின் பைட் வரிசையும் தெரிந்துவிடும். முதல் 4 பைட் 'டேப்' என்ற சொல்லின் பெரிய ஆங்கில எழுத்துகள் என்றால் மைக்ரோசாஃப்ட் டேப் ஃபார்மேட், என்டிபேக்கப்போ பேக்கப் எக்ஸெக்கோ எழுதியிருக்கும்.

அமாண்டா மென்பொருள் எழுதிய டேப் என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். அது ஒவ்வொரு பேக்கப்புக்கு முன்னும் 32 கேபி அளவுக்கு ஒரு தலைப்பு எழுதும், அதைச் சும்மா திறந்து படித்தாலே எந்தக் கணினி, எந்த நாள், எந்தக் கட்டளை கொடுத்தால் திரும்ப எடுக்கலாம் என்பது வரைக்கும் எழுத்தில் இருக்கும். எல்லாப் பேக்கப் மென்பொருளும் இப்படிச் செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லா எழுத்தும் இரண்டிரண்டாக இடம் மாறியிருக்கின்றனவே?

பைட் ஜோடி திரும்பிக் கிடக்கிறது. பழைய சிலிக்கான் கிராபிக்ஸ் கணினிகளின் கியூஐசி டேப்களில் இது சகஜம். டிடியில் ஜோடி பைட்டை மாற்றும் 'ஸ்வாப்' தேர்வைக் கொடுத்து நகலைத் திருப்பிவிட்டு, டார் படிக்கிறதா என்று பாருங்கள்.

ஹெக்ஸ் பார்வையில் ஒன்றுமே புரியவில்லை, 40 என்ற பைட்தான் நிறைய இருக்கிறது. கெட்ட டேப்பா?

நல்ல டேப். ஐபிஎம் மெயின்ஃபிரேம் டேப்பாக இருக்கும். அங்கே எழுத்துகள் மற்ற கணினிகளில் வழக்கமான ஆஸ்கி குறிமுறையில் இல்லை, எப்சிடிக் என்ற முறையில் இருக்கும், எப்சிடிக்கில் இடைவெளிக்கு 40, இலக்கங்கள் எஃப்0 முதல் எஃப்9 வரை. முதல் பிளாக் 80 பைட்டாக இருந்து இ5 டி6 டி3 எஃப்1 என்று ஆரம்பித்தால் அது தொகுதி லேபிள், டேப்பின் பெயர் அதில் இருக்கும். அதையடுத்து வரும் இரண்டு தலைப்பு லேபிள்கள் தங்கத்துக்குச் சமம். முதலாவதில் தரவுக் கோப்பின் பெயர் 17 எழுத்துகளில் இருக்கும். இரண்டாவதில் பதிவுகள் நிலையான நீளமா மாறும் நீளமா, பிளாக் நீளம் எத்தனை, பதிவு நீளம் எத்தனை எல்லாம் இருக்கும். இந்த லேபிள்களை முதல் வேலையாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி செய்யக் கூடாத ஒன்றைச் சொல்கிறேன். டிடியில் எப்சிடிக்கை ஆஸ்கியாக மாற்றும் தேர்வு இருக்கிறது, அதை முழுக் கோப்பின்மேலும் ஓட்டாதீர்கள். எழுத்துகள் அழகாக வந்துவிடும், எண்கள் நாசமாகிவிடும். கோபால் என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய நிரல்கள் பணத் தொகையையெல்லாம் பேக்டு டெசிமல் முறையில் வைக்கும்: ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறி. 12345 என்ற எண் 12 34 5சி என்று மூன்றே பைட்டில் உட்கார்ந்திருக்கும், கழித்தல் என்றால் சி-க்குப் பதில் டி. இதை எழுத்து என்று நினைத்து மாற்றினால் முதல் இரண்டு பைட்டும் வேறு ஏதோ கட்டுப்பாட்டுக் குறிகளாகிவிடும், 5சி ஒரு நட்சத்திரக் குறியாகிவிடும். தொகை போனது போனதுதான், அதுவும் மூல நகலை வைத்திருக்காவிட்டால் திரும்பாது.

சரியான வழி, பதிவின் அமைப்பு தெரிந்துகொண்டு புலம் புலமாகப் பிரிப்பது. கோபால் நிரலின் காப்பிபுக் (பதிவின் அமைப்பைச் சொல்லும் கோப்பு) கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் ஒரே நீளமுள்ள பதிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள், ஒவ்வொரு பதிவிலும் அதே இடத்தில் சி அல்லது டி-யில் முடியும் பைட் வந்தால் அங்கே ஒரு பேக்டு எண் முடிகிறது என்று ஊகிக்கலாம். மாறும் நீளப் பதிவு என்றால் ஒவ்வொரு பிளாக்கின் ஆரம்பத்திலும் 4 பைட், ஒவ்வொரு பதிவின் ஆரம்பத்திலும் 4 பைட் நீளக் குறிப்பு இருக்கும். வரி முடிவுக் குறி எங்கேயும் இருக்காது, தேடாதீர்கள்.

வடிவம் தெரிந்துவிட்டது. அந்த மென்பொருள் என்னிடம் இல்லையே?

ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. டார், சிபிஐஓ என்றால் கவலையே இல்லை. டம்ப் கோப்பு முறையோடு ஒட்டிப் பிறந்தது, லினக்ஸின் ரீஸ்டோர் கட்டளை சில யுனிக்ஸ்களின் டம்ப்பைப் படிக்கும், எல்லாவற்றையும் அல்ல. எச்பி-யூஎக்ஸின் எஃப்பேக்கப், ட்ரூ64-ன் விடம்ப், ஐபிஎம் ஏஎஸ்/400-ன் சேவ் கட்டளைகள் எழுதியவை அந்தந்த வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் பாஷை, அதே இயங்குதளம் ஓடும் கணினியைத் தேடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். விஎம்எஸ் பேக்கப்பைப் பிரிக்க யுனிக்ஸில் ஓடும் விஎம்எஸ்பேக்கப் என்ற பழைய நிரல் உண்டு. சிம்எச் எமுலேட்டரில் வாக்ஸ் கணினியை ஓட்டி விஎம்எஸ்ஸையே வைத்துப் படிக்க வைப்பது இன்னும் நம்பகமானது.

விண்டோஸில் டேப்பைத் தொடும் பேக்கப் கருவி சர்வர் 2003-ஓடு போய்விட்டது, விஸ்டாவிலிருந்து வந்தவற்றில் இல்லை. பின்னர் மைக்ரோசாஃப்ட் கொடுத்த மீட்புக் கருவி டிஸ்க்கில் இருக்கும் பேக்கப் கோப்பை மட்டும் திறக்கும். லினக்ஸில் எம்டிஎஃப்டார் என்ற நிரல் அந்த வடிவத்தை டாராக மாற்றித் தரும்.

நெட்பேக்கப் எழுதியது டாருக்கு நெருங்கிய உறவு என்பதால் சில டேப்கள் சாதா டாரிலேயே திறக்கும். ஆனால் பல கணினிகளின் தரவை ஒரே நேரத்தில் கலந்து எழுதும் மல்டிபிளெக்சிங் போட்டிருந்தால் திறக்காது. பாகுலா டேப்பை அதன் பிஎக்ஸ்ட்ராக்ட் கருவி, கேட்டலாக் என்ற பேக்கப் பட்டியல் இல்லாமலே பிரிக்கும். ஐபிஎம் டிவோலி ஸ்டோரேஜ் மேனேஜர் எழுதியவைதான் மிகக் கடினம். எந்தக் கோப்பு எந்த டேப்பில் எந்த இடத்தில் என்பதெல்லாம் அதன் தரவுத்தளத்தில்தான் இருக்கும், அது இல்லாமல் டேப் மட்டும் கிடைத்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தரவுத்தளத்தின் பேக்கப் எங்காவது தனி டேப்பில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

பிரித்தெடுக்கும்போது ஆபத்து ஏதும் உண்டா?

உண்டு. பழைய டார்கள் கோப்பின் பாதையை ரூட்டிலிருந்து முழுமையாக எழுதும். அதை அப்படியே மதிக்கும் ஒரு நிரலால், அதுவும் முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராக இருந்து பிரித்தால், இருபது வருஷத்துக்கு முந்தைய கடவுச்சொல் கோப்பு உங்கள் இன்றைய கோப்பின்மேல் போய் உட்காரும். காலியான ஒரு கோப்புறையில், சாதாரணப் பயனராக, முதலில் பட்டியல் மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டுப் பிரியுங்கள். குனு டார் முன்னால் இருக்கும் சாய்கோட்டைத் தானாக நீக்கிவிடும், மற்றவை நீக்கும் என்று நம்ப வேண்டாம்.

நடுவில் படிப்புப் பிழை வருகிறது. திரும்பத் திரும்ப முயலலாமா?

ஒரு தடவை ஹெட்டைச் சுத்தம் செய்துவிட்டு முயலுங்கள். ஹெட் சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜே ஹெட்டைத் தேய்க்கும் என்பதால் அதையும் அளவாக. பிறகு அதே டேப்பை வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். டிடிஎஸ், எக்ஸாபைட் போன்ற சாய்வுப் பதிவு முறை டிரைவ்களில் ஹெட்டின் சீரமைப்பு கொஞ்சம் விலகிய டிரைவ், தான் எழுதியதைத் தான் நன்றாகப் படிக்கும், வேறு டிரைவில் படிக்காது. எழுதிய டிரைவ் பழைய பொருட்களோடு இன்னும் கிடக்கிறது என்றால் அதைத் தூக்கி எறிய விடாதீர்கள்.

கிறீச் என்ற சத்தம் வந்தாலோ, நாடா நின்று நின்று நகர்ந்தாலோ, ஹெட்டில் பழுப்புப் பொடி ஒட்டினாலோ உடனே நிறுத்துங்கள். 1970-கள், 80-களில் செய்த சில நாடாக்களில் காந்தப் பொடியைப் பிடித்து வைத்திருக்கும் பசை, ஈரத்தை உறிஞ்சி பிசுபிசுப்பாகிவிடும். அவற்றைச் சுமார் 50 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடாக்கினால் கொஞ்ச நாளுக்குப் படிக்கும் நிலைக்கு வரும். அதற்கென்று வெப்பம் நிலையாக நிற்கும் கருவி வேண்டும், வீட்டு அடுப்பில் செய்கிற வேலை இல்லை, எல்லா நாடாவுக்கும் பொருந்துகிற வைத்தியமும் இல்லை. பூஞ்சை பிடித்த டேப்பையும் டிரைவில் போடாதீர்கள், அந்த டிரைவில் அடுத்துப் போடும் டேப்களுக்கும் பரவும். டேப் குளிர்ந்த இடத்திலிருந்து வந்ததென்றால் ஒரு நாள் அறை வெப்பத்தில் கிடக்கட்டும்.

பிழைக்கு அப்பால் இருப்பது கிடைக்குமா என்றால், சாதா டாராக இருந்தால் சேதமான கோப்பை விட்டு அடுத்த தலைப்பிலிருந்து தொடரலாம். ஜிசிப்பால் சுருக்கிய டாராக இருந்தால் பிழை வந்த இடத்தோடு மிச்சம் முழுதும் சிக்கல். பிசிப்2 என்றால் 900 கேபி வரையிலான தனித்தனித் துண்டுகளாகச் சுருக்குவதால் நல்ல துண்டுகளை மீட்டுவிடலாம்.

டேப் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தால்?

எல்டிஓ-4 முதல் டிரைவே ஏஇஎஸ் 256 பிட்டில் குறியாக்கம் செய்யும். சாவி இல்லாவிட்டால் முடிந்தது. பழைய சாவி மேலாண்மை சர்வரின் பேக்கப்பைத் தேடுங்கள், டேப்பைத் தோண்டுவதில் பயனில்லை.

எப்போது தொழில்முறை ஆட்களிடம் கொடுக்க வேண்டும்?

ஒரே பிரதி, அதுவும் பசை கசிகிற நாடா என்றால், ஒரு முறைகூட நீங்களே ஓட்டிப் பார்க்காமல் கொடுத்துவிடுங்கள். அத்தகைய நாடா ஒரே ஒரு ஓட்டத்துக்கு மேல் தாங்காமலும் போகலாம். யூட்டா பல்கலைக்கழகத்தில் 2025-ல் கிடைத்த யுனிக்ஸ் நான்காம் பதிப்பு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-ஐச் சேர்ந்த பதிப்பு, ஒன்பது தடச் சுருள். அதை யாரும் வழியில் கிடைத்த டிரைவில் போட்டுப் பார்க்கவில்லை, கலிபோர்னியாவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்துக்கு நேரில் கொண்டுபோனார்கள். அங்கே ஹெட்டிலிருந்து வரும் அனலாக் சைகையையே அப்படியே பதிந்துகொண்டு, பைட்டாக்கும் வேலையை மென்பொருளில் செய்தார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஏறக்குறைய முழுதாக வந்தது. சைகை கையில் இருந்தால் பைட்டாக்கும் முயற்சியை எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம், நாடா மறுபடி ஓட வேண்டியதில்லை.

இன்று நான் எழுதும் டேப்பை நாளை வேறொருவர் படிக்க வேண்டும். எப்படி எழுதினால் நல்லது?

எல்டிஓ-5 முதல் எல்டிஎஃப்எஸ் இருக்கிறது, டேப்பே ஒரு டிஸ்க் போலக் கோப்புறைகளோடு திறக்கும், அதன் விவரக்குறிப்பு ஐஎஸ்ஓ தரமாகவும் வந்துவிட்டது. நெடுநாள் வைக்கிற டேப்புக்கு நான் அதையோ, போசிக்ஸ் டாரையோதான் சொல்வேன். வன்பொருள் சுருக்கம் இருக்கட்டும், மென்பொருள் சுருக்கத்தைத் தவிருங்கள்.

அப்புறம் ஒரு தாள். எந்தக் கணினி, எந்த இயங்குதளமும் பதிப்பும், எந்த மென்பொருளும் பதிப்பும், பிளாக் அளவு, எத்தனை டேப்பில் இது எத்தனையாவது, குறியாக்கம் உண்டா, உண்டென்றால் சாவி யாரிடம், எந்த டிரைவ் மாடலில் எழுதியது. திரும்ப எடுக்க நீங்களே ஓட்டிப் பார்த்து வேலை செய்த கட்டளையை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். அந்தத் தாளைக் கார்ட்ரிட்ஜின் பெட்டிக்குள் மடித்து வையுங்கள். இன்னொரு பிரதி டேப்பிலேயே முதல் கோப்பாக, வெறும் உரையாக இருக்கட்டும்.